கறுப்பாகாத இடத்தைத் தேடு: எம்.ஆர்.ஐ.யும் காந்த நானோ துகளும்

ஓசூர் சிப்காட்டில் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிகளுக்கு இன்பிளான்ட் டிரெய்னிங் போன மெக்கானிக்கல் நண்பர்களுக்கு மேக்னாஃப்ளக்ஸ் பூத் தெரிந்திருக்கும். திரை போட்ட ஒரு இருட்டு அறை. கிராங்க்‌ஷாஃப்ட்டையோ கியரையோ மெஷினில் மாட்டி கரண்ட் பாய்ச்சி காந்தமாக்குவார்கள். அப்புறம் பச்சையா ஒளிரும் இரும்புத் துகள் கலந்த திரவத்தை அதன் மேல் ஊற்றி, புற ஊதா விளக்கைப் பிடிப்பார்கள். கண்ணுக்கே தெரியாத விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு பளிச்சென்று தெரியும். விரிசலில் காந்தப்புலம் வெளியே கசிகிறது, கசிகிற இடத்துக்குத் துகள் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதே வேலையை மனித உடம்புக்குள்ளே செய்ய முடியுமா? இரும்புத் துகளை ரத்தத்தில் ஏற்றி, புற்றுநோய்க் கட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. படத்தில் பார்க்க முடியுமா? முடியும். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஆராய்ச்சி நடக்கிறது. மருந்தாகவே கடைக்கு வந்து, திரும்பிப் போன கதையும் இருக்கிறது. இதில் ஒரு சுவாரசியம் என்னவென்றால், மருத்துவமனையில் உண்மையிலேயே வேலை செய்த துகள்கள் மேக்னாஃப்ளக்ஸுக்கு நேர் எதிராக வேலை செய்தன. பழுது இருக்கிற இடத்தில் அவை ஒட்டவில்லை. நல்லா இருக்கிற இடத்தில்தான் ஒட்டின.

அது எப்படி என்று பார்க்கும் முன், எம்.ஆர்.ஐ. பற்றிக் கொஞ்சம்.

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் அணுவின் நடுவில் ஒரு புரோட்டான். அது ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. பலமான காந்தப்புலத்துக்குள் போனதும் அது பம்பரம் தலையாட்டுகிற மாதிரி சுற்ற ஆரம்பிக்கும். எவ்வளவு வேகம்? ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். நம்ம ஊர்ப் பக்கம் ஸ்கேன் சென்டர்களில் அதிகம் இருக்கிற 1.5 டெஸ்லா மெஷினில், கிட்டத்தட்ட 64 மெகாஹெர்ட்ஸ். அதே அலைவரிசையில் ஒரு ரேடியோ துடிப்பைக் கொடுத்தால், எல்லாப் புரோட்டானும் ஒரே தாளத்தில் ஆடும். அந்த ஆட்டம்தான் காயிலில் சிக்னலாகப் பதிவாகிறது.

ஆட்டம் ரொம்ப நேரம் நிற்காது. கல்ச்சுரல்ஸில் குரூப் டான்ஸ் பார்த்திருப்போம். முதல் பத்து செகண்ட் எல்லாரும் ஒன்றாக ஆடுவார்கள். அப்புறம் ஒருத்தர் முந்துவார், ஒருத்தர் பிந்துவார், கடைசியில் ஆளுக்கொரு திசை. புரோட்டான்கள் இப்படித் தாளம் தப்பிப் போக ஆகும் நேரத்தைத்தான் டி2 என்கிறார்கள். இது ஒவ்வொரு திசுவுக்கும் வேறு வேறு. அந்த வேறுபாடுதான் படத்தில் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தெரிகிறது. டி1 என்று இன்னொரு நேரமும் உண்டு. புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம் அது.

1971-ல் ரேமண்ட் டமேடியன், எலியின் கட்டித் திசுவிலும் சாதாரணத் திசுவிலும் இந்த நேரங்கள் வேறுபடுகின்றன என்று சயன்ஸ் இதழில் எழுதினார். 1973-ல் பால் லாட்டர்பர் அதையே படமாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். லாட்டர்பருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் கிடைத்தது. டமேடியனுக்குக் கிடைக்கவில்லை. அவர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்து சண்டை போட்டார். அது தனிக்கதை.

பிரச்சினை என்னவென்றால், இந்த வேறுபாடு எல்லா நேரமும் போதுமானதாக இருப்பதில்லை. சின்னக் கட்டியும் அதைச் சுற்றி இருக்கிற திசுவும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தால் டாக்டர் எதைப் பார்ப்பார்? அதற்குத்தான் காண்ட்ராஸ்ட் மருந்து. ஸ்கேன் நடுவில் கையில் ஊசி போடுவார்களே, அது. பெரும்பாலும் அது காடோலினியம். 1988-ல் முதல் காடோலினியம் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டி1-ஐக் குறைத்து அந்த இடத்தை வெள்ளையாக்கும். நல்ல மருந்துதான். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது தோலையும் தசையையும் இறுக்கிவிடும் ஒரு கொடிய நோயைக் கொண்டுவரலாம் என்று 2006-ல் தெரியவந்தது. டயாலிசிஸில் இருக்கிறவருக்கு காண்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. என்றால் டாக்டர் ரெண்டு தடவை யோசிப்பது அதனால்தான்.

இரும்பு அப்படி இல்லை. இரும்பு உடம்புக்குப் பழக்கமான சரக்கு. உள்ளே போன துகளைச் செல்கள் கரைத்து, இரும்பைச் சேமித்து வைத்து, கடைசியில் ரத்தச் சிவப்பணு செய்ய எடுத்துக்கொள்ளும்.

எந்த இரும்பு? மேக்னடைட். மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு. நம்ம பகுதிக்கு இது புதுசில்லை. சின்ன வயசில் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி ஆத்து மணலில் புரட்டினால், முள்ளு முள்ளா கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வருமே, அதில் பெரும்பகுதி இதுதான். பிரிட்டிஷ் காலத்து நிலவியல்காரர்கள் பழைய சேலம் ஜில்லாவின் காந்த இரும்புக்கல் படுகைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார்கள். கஞ்சமலை எல்லாருக்கும் தெரியும். அந்த ஐந்தில் ஒன்று தீர்த்தமலை; அன்றைக்கு அது ஊத்தங்கரை தாலுக்காவில் இருந்தது. நாம் பஸ்ஸில் அரூர் போகும்போது தூரத்தில் பார்க்கிற அதே மலை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172-க்குப் போகிறது என்று 2022-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். ஆக, கிருஷ்ணகிரிக்காரனுக்கு இரும்பு பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை!

ஆனால் தீர்த்தமலைக் கல்லை அரைத்து ஊசியில் ஏற்ற முடியாது. அளவுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. இங்கே கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்பட வேண்டாம்.

மேக்னாஃப்ளக்ஸ் முடிந்ததும் பாகத்தை டீமேக்னடைஸ் செய்வார்கள், ஞாபகம் இருக்கா? செய்யாவிட்டால் அதில் காந்தத்தன்மை மிச்சம் நிற்கும், சிப்ஸ் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்துக்குள் போகிற துகளுக்கும் இதே சிக்கல். மிச்சக் காந்தம் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி ரத்தக்குழாயை அடைத்துவிடும். உடம்புக்குள் போய் டீமேக்னடைஸ் செய்ய முடியுமா? ஆகவே புலம் இருக்கும்போது பலமான காந்தமாகவும், புலத்தை எடுத்ததும் ஒன்றுமில்லாததாகவும் இருக்கிற துகள் வேண்டும்.

துகளின் காந்தத் திசை தலைகீழாகப் புரள ஒரு ஆற்றல் மேட்டைத் தாண்ட வேண்டும். அந்த மேட்டின் உயரம், பொருளின் காந்த மாறிலியைத் துகளின் கனஅளவால் பெருக்கினால் வரும். தாண்ட உதவுவது வெப்ப ஆற்றல். புரள ஆகும் நேரம், இந்த இரண்டின் விகிதத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். மேக்னடைட்டின் மாறிலியை ஒரு கனமீட்டருக்கு சுமார் 11,000 ஜூல் என்றும், அடிப்படை நேரத்தை ஒரு நானோ செகண்ட் என்றும், உடம்பு வெப்பம் 310 கெல்வின் என்றும் வைத்துக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

10 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்: விகிதம் சுமார் 1.35. புரளும் நேரம் ஏறக்குறைய 4 நானோ செகண்ட்.

20 நானோமீட்டர்: கனஅளவு எட்டு மடங்கு, விகிதம் 10.8. நேரம் சுமார் 50 மைக்ரோ செகண்ட்.

30 நானோமீட்டர்: கனஅளவு 27 மடங்கு, விகிதம் 36-க்கு மேல். நேரம்? ஏறக்குறைய இரண்டு மாசம்!

விட்டம் வெறும் மூன்று மடங்கு ஆனதுக்கு நானோ செகண்ட் இரண்டு மாசமாகிவிட்டது. மாறிலியைக் கொஞ்சம் மாற்றினால் கடைசி எண் பெரிதாக மாறும், அதனால் அந்த இரண்டு மாசத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் போக்கு புரியும். 10 நானோமீட்டர் துகளின் காந்தத் திசை செகண்டுக்குக் கோடிக்கணக்கான தடவை புரண்டுகொண்டே இருப்பதால், வெளியிலிருந்து பார்த்தால் சராசரி பூஜ்யம். புலம் வைத்ததும் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். இதற்குப் பெயர் சூப்பர்பாராமேக்னடிசம். பெயர்தான் நீளம்.

அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால் ஒரு 10 நானோமீட்டர் துகளுக்குள் சுமார் 21,000 இரும்பு அணுக்கள் இருக்கும். காடோலினியம் மருந்தில் ஒரு மூலக்கூறுக்கு ஒரு காடோலினியம் அயனி. வித்தியாசம் புரிகிறதா? எம்.ஆர்.ஐ.க்குள் ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றி ஒரு குட்டிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். பக்கத்தில் வருகிற தண்ணீர்ப் புரோட்டான்களில் ஒன்று கொஞ்சம் வேகமாகச் சுற்றும், இன்னொன்று கொஞ்சம் மெதுவாக. குரூப் டான்ஸ் நடுவில் யாரோ நாலு பேருக்கு நாலு பாட்டு போட்டுவிட்ட மாதிரி. தாளம் சீக்கிரம் தப்பும், சிக்னல் விழும், அந்த இடம் கறுப்பாகும்.

எவ்வளவு கறுப்பு? ஒரு திசுவின் டி2 50 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது தாளம் தப்பும் விகிதம் செகண்டுக்கு 20. துகளின் திறன், அதாவது ஆர்2, லிட்டருக்கு ஒரு மில்லிமோல் இரும்புக்கு 100 என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த வகை மருந்துகளுக்கு இது நியாயமான எண். அரை மில்லிமோல் சேர்ந்தால் விகிதத்தில் 50 கூடும், மொத்தம் 70. டி2 சுமார் 14 மில்லி செகண்டுக்கு இறங்கிவிடும். 60 மில்லி செகண்ட் கழித்து சிக்னலைப் பதிவு செய்தால், துகள் இல்லாத இடத்தில் 30 சதவீதம் மிச்சம் இருக்கும். துகள் போன இடத்தில் ஒன்றரை சதவீதம்தான். இருபது மடங்கு வித்தியாசம். கண்ணால் பார்த்தாலே தெரியும்.

சரி, இப்போ மெயின் கதைக்கு வருவோம்.

நம் உடம்பில் குப்பை பொறுக்குவதற்கென்றே விழுங்கு செல்கள் இருக்கின்றன. கல்லீரலில் இருப்பவற்றுக்குக் குப்ஃபர் செல்கள் என்று பெயர். ரத்தத்தில் அந்நியத் துகள் எது வந்தாலும் அவை பிடித்து விழுங்கிவிடும். நானோ மருந்து செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஆனால் எம்.ஆர்.ஐ.காரர்கள் இதையே உபயோகமாக்கிக்கொண்டார்கள். 120 முதல் 180 நானோமீட்டர் வரையிலான, டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பாலிமர் பூசிய இரும்பு ஆக்சைடு துகளை ஏற்றினால், நல்ல கல்லீரல் முழுக்கக் கறுப்பாகிவிடும். கட்டி இருக்கிற இடத்தில் குப்ஃபர் செல் கிடையாது, ஆகவே அது மட்டும் வெள்ளையாக நிற்கும். ஃபெரிடெக்ஸ் என்ற பெயரில் 1996-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

இதைவிடப் பெரிய விஷயம் நிணநீர் முடிச்சு. நம்ம வீட்டுப் பெரியவங்க 'நெறி கட்டியிருக்கு' என்று சொல்வார்களே, கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ, அதுதான். புற்றுநோய் ஒரு இடத்திலிருந்து கிளம்பினால் முதலில் போய் உட்காருவது பெரும்பாலும் இங்கேதான். அங்கே பரவியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஆபரேஷனா, ரேடியேஷனா, எவ்வளவு தூரம் வெட்ட வேண்டும் என்று சிகிச்சையே மாறும். ஆனால் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் முடிச்சின் சைஸை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். எட்டு, பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகம். ஐந்து மில்லிமீட்டர் முடிச்சுக்குள் புற்று இருந்தால் தப்பிவிடும். வெறும் காய்ச்சலால் வீங்கிய முடிச்சு மாட்டிக்கொள்ளும்.

2003 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் முகேஷ் ஹரிசிங்கானி. கூட நெதர்லாந்து நைமேகனைச் சேர்ந்த யெல்லே பரென்ட்ஸ் குழுவும். பிராஸ்டேட் புற்றுநோயாளிகள் 80 பேர். ஃபெரிடெக்ஸை விட ரொம்பச் சின்னத் துகளான ஃபெருமாக்ஸ்ட்ரானை ஏற்றினார்கள். எடை கிலோவுக்கு 2.6 மில்லிகிராம் இரும்பு. 60 கிலோ ஆளுக்கு 156 மில்லிகிராம். உடம்பில் ஏற்கனவே மூன்று நான்கு கிராம் இரும்பு இருக்கிறது என்பதை நினைத்தால் இது பெரிசில்லை. துகள் சின்னது என்பதால் கல்லீரல் உடனே பிடித்துவிடாது, ரத்தத்தில் ஒரு நாள் சுற்றி, மெல்லக் கசிந்து முடிச்சுகளுக்குப் போகும். நல்ல முடிச்சில் இருக்கிற விழுங்கு செல்கள் அதைத் தின்று கறுப்பாகும். புற்று ஆக்கிரமித்த முடிச்சில் அந்தச் செல்களுக்கு இடமே இல்லை. கறுப்பாகாத முடிச்சு எதுவோ அதில்தான் ஆபத்து.

முடிவு? ஆராய்ந்த 334 முடிச்சுகளில் 63-ல் புற்று இருந்தது. அந்த 63-ல் 45 முடிச்சுகள் வழக்கமான அளவுகோல்படி பார்த்தால் 'ஒன்றும் இல்லை' என்று விடப்பட்டிருக்க வேண்டியவை. சாதாரண எம்.ஆர்.ஐ. கண்டுபிடிக்கும் திறன் 35.4 சதவீதம், துகளோடு பார்த்தபோது 90.5 சதவீதம். புற்று முடிச்சு இருந்த 33 நோயாளிகளில் ஒருத்தரைக்கூட விடவில்லை.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இவ்வளவு நல்ல முடிவு வந்தும் ஏன் இது நம்ம ஊர் மருத்துவமனைகளில் இல்லை என்பதுதான். நம்ம ஊர் என்ன, அமெரிக்காவிலேயே இல்லை. 2005-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு இதற்குப் பொதுவான அனுமதி தர எதிராக வாக்களித்தது. ஒவ்வொரு வகைப் புற்றுக்கும் இது இதே அளவு வேலை செய்யும் என்பதற்குத் தரவு போதவில்லை, ஒவ்வாமை ஆபத்து உண்டு என்பவை அங்கே எழுந்த கேள்விகள். ஐரோப்பாவில் கொடுத்திருந்த விண்ணப்பத்தை 2007-ல் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டது. ஃபெரிடெக்ஸின் உற்பத்தியும் 2008-ல் நின்றது. பரென்ட்ஸ் குழுவினர் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, நைமேகனில் அதே ஃபெருமாக்ஸ்ட்ரானை மீண்டும் தயாரிக்கச் செய்து ஆய்வைத் தொடர்ந்தார்கள்.

நடைமுறைச் சிக்கல்களையும் சொல்ல வேண்டும். முதலாவது, கறுப்பு என்பது நல்ல அடையாளம் இல்லை. ரத்தக்கசிவும் கறுப்பு, சுண்ணாம்புப் படிவும் கறுப்பு, குடலில் இருக்கிற காற்றும் கறுப்பு. எது துகள் என்று பிரிக்க நல்ல அனுபவம் வேண்டும். இரண்டாவது, காத்திருப்பு. இன்று ஊசி, நாளைக்கு ஸ்கேன். ஊத்தங்கரையிலிருந்து ஒருவர் பெங்களூர் கித்வாய்க்கோ சென்னை அடையாறுக்கோ போகிறார் என்று வையுங்கள். ஒரு நாளில் முடிகிற வேலைக்கு ரெண்டு நாள். கூட வருகிறவருக்கு ரெண்டு நாள் கூலி போச்சு, ராத்திரி தங்க இடம் தேடணும். கட்டுரைகளில் 24 மணி நேரம் என்று ஒரு வரியில் போய்விடுகிறது.

இந்தக் குடும்பத்தில் இன்னும் உயிரோடு இருப்பது ஃபெருமாக்ஸிடால். ஆனால் அது முதலில் காண்ட்ராஸ்ட் மருந்தாக அனுமதி பெறவில்லை. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு இரும்பு மருந்தாக 2009-ல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது, ஒரு டோஸ் 510 மில்லிகிராம் இரும்பு. காடோலினியம் கொடுக்க முடியாத நோயாளிகளுக்கு ரேடியாலஜிஸ்டுகள் இதையே காண்ட்ராஸ்டாகப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். 2015-ல் கடுமையான ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கையை அதன் லேபிளில் கட்டம் கட்டிப் போட வைத்தார்கள். பழகிய சரக்கு இரும்புதான் என்றாலும் துகளாக, பூச்சோடு போகும்போது உடம்பு சும்மா இருந்துவிடாது.

இவ்வளவு நேரம் பேசியதில் 'இலக்கு' எங்கே என்று நீங்கள் கேட்கலாம். செமினார் தலைப்பிலெல்லாம் 'டார்கெட்டட்' என்றுதானே இருக்கும்! துகளின் மேல் ஒரு ஆண்டிபாடியையோ ஃபோலிக் அமிலத்தையோ ஒட்டிவிட்டால், புற்றுச் செல்லின் மேலிருக்கிற ஏற்பியைத் தேடிப்போய் ஒட்டும். மேக்னாஃப்ளக்ஸ் மாதிரி பழுது இருக்கிற இடமே கறுப்பாகும். இதுதான் திட்டம். பெட்ரி டிஷ்ஷில் அருமையாக வேலை செய்கிறது. எலியிலும் ஓரளவு. ஹெர்2 ஏற்பி, ஃபோலேட் ஏற்பி என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள். ஆனால் இப்படி ஒட்டின இரும்பு ஆக்சைடு காண்ட்ராஸ்ட் எதுவும் மருத்துவமனையின் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

ஏன்? டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழு 2016-ல் ஒரு வேலை செய்தது. முந்தைய பத்து வருடங்களில் எலிகளில் நானோ துகள்களைச் செலுத்திய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து, ஏற்றியதில் எவ்வளவு கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது என்று கணக்கெடுத்தார்கள். நடுமதிப்பு 0.7 சதவீதம். ஆயிரம் துகள் ஏற்றினால் ஏழு. இலக்கு மூலக்கூறு ஒட்டினாலும் பெரிய மாற்றமில்லை, ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான். இந்தக் கணக்கிடும் முறை சரியா என்று பிறகு வாதங்கள் நடந்தன. ஆனால் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

காரணம் சிம்பிள். துகள் ரத்தத்தில் இறங்கிய சில நிமிஷத்தில் ரத்தப் புரதங்கள் அதன் மேல் அப்பிக்கொள்ளும். நாம் கஷ்டப்பட்டு ஒட்டின ஆண்டிபாடி அந்தச் சேற்றுக்கு அடியில் புதைந்துபோகும். பெயர்ப்பலகை மேல் போஸ்டர் ஒட்டின கதை. ரொம்பச் சின்னதாக, ஆறு நானோமீட்டருக்குள் செய்தால் சிறுநீரகம் வடிகட்டிவிடும். பெரிதாகச் செய்தால் கல்லீரல் பிடிக்கும். இரண்டையும் தாண்டி கட்டிக்கு வந்தாலும், ஆண்டிபாடி வழிகாட்டி எல்லாம் கிடையாது. மேலே மோதின பிறகு ஒட்டிக்கொள்ள மட்டும்தான் அதற்குத் தெரியும். மோதும் இடம் வரை கொண்டுபோவது ரத்த ஓட்டம்.

என் கருத்தில், கல்லீரல், நிணநீர் முடிச்சு ஆய்வுகள் ஜெயித்ததற்குக் காரணம் உடம்போடு சண்டை போடாததுதான். துகளை உடம்பு எங்கே கொண்டுபோகிறதோ அங்கேயே போகவிட்டு, அதிலிருந்து தகவலை எடுத்தார்கள். 'டார்கெட்டட்' என்ற வார்த்தைக்கு மயங்கி இந்தப் பாதையை நாம் சீக்கிரம் கைவிட்டுவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

கறுப்புக்கு மாற்றும் தேடுகிறார்கள். துகளை மூன்று நானோமீட்டர் அளவுக்குக் குறைத்தால் அது காடோலினியம் மாதிரி டி1-ஐக் குறைத்து வெள்ளையாகக் காட்டும் என்று 2017-ல் எம்.ஐ.டி.யின் மௌங்கி பவெண்டி குழு எலிகளில் காட்டியது. குவாண்டம் டாட்டுக்காக 2023-ல் நோபல் வாங்கினாரே, அவரேதான். இன்னொரு வழி, எம்.ஆர்.ஐ.யையே விட்டுவிட்டுத் துகளை மட்டும் நேரடியாகப் படம் பிடிக்கும் மேக்னடிக் பார்ட்டிகிள் இமேஜிங். 2005-ல் ஹாம்பர்க் பிலிப்ஸ் ஆய்வகத்தில் கிளைக், வைட்ஸனெக்கர் என்ற இருவர் இதை நேச்சர் இதழில் அறிவித்தார்கள். இதற்கேற்ற துகள்களை உருவாக்கியவர்களில் சியாட்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கண்ணன் கிருஷ்ணன் குழு முக்கியமானது. இதில் உடம்புத் திசு எதுவும் படத்தில் வராது, துகள் மட்டும்தான் தெரியும். ஆகவே 'எது துகள்' என்ற குழப்பமே இல்லை.

நம்ம பக்கத்தில் என்ன நடக்கிறது? கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் ஃபிலிப் குழு காந்த நானோ திரவங்களில் வெகுநாளாக வேலை செய்கிறது. இரும்புப் பாகங்களில் இருக்கிற குறையை நிறமாற்றத்தாலேயே காட்டும் ஒரு நானோ திரவ சென்சாரை 2012-ல் வெளியிட்டார்கள். அதாவது மேக்னாஃப்ளக்ஸுக்கு அடுத்த தலைமுறை. துகளைச் சூடாக்கிப் புற்றுச் செல்லைக் கொல்லும் முறை பற்றியும் அதே குழு ஆராய்ந்திருக்கிறது. ஒரே பொருள், கிராங்க்‌ஷாஃப்ட்டுக்கும் கட்டிக்கும். மெஷின் பக்கம் பார்த்தால், பெங்களூரின் வோக்ஸல்கிரிட்ஸ் என்ற கம்பெனி உள்நாட்டிலேயே 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. செய்து 2023-ல் மகாராஷ்டிராவின் சந்திரபூர் புற்றுநோய் மருத்துவமனையில் நிறுவியது. நம்ம சோஹோ அதில் முதலீடு செய்திருக்கிறது.

கடைசியாக, ஃபைனல் இயர் நண்பர்களுக்கு. இரும்பு ஆக்சைடு நானோ துகள் செய்வது கஷ்டமே இல்லை. ஃபெரஸ் குளோரைடு ஒரு பங்கு, ஃபெரிக் குளோரைடு இரண்டு பங்கு மோல் கணக்கில் கரைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் கலக்கிக்கொண்டே அம்மோனியா விட்டால் பீக்கரில் கறுப்பு வீழ்படிவு வரும். மசார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1981-ல் எழுதிய முறை இது. காந்தத்தை வைத்தால் பீக்கர் ஓரத்துக்கு ஓடி வரும், போட்டோ எடுக்கலாம். இதிலேதான் நம்ம புராஜெக்ட்கள் நின்றுவிடுகின்றன. துளசி இலைச் சாறு, வேப்பிலைச் சாறு என்று ஒன்றைச் சேர்த்து, எக்ஸ்.ஆர்.டி. படம் ஒன்றைப் போட்டு, முடிவுரையில் 'புற்றுநோய் கண்டறியப் பயன்படும்' என்று எழுதிவிடுகிறோம். எக்ஸ்.ஆர்.டி. படிக அளவைத்தான் சொல்லும். துகள் தண்ணீரில் கொத்தாகச் சேர்ந்து 500 நானோமீட்டராக மிதந்தால் அதற்குத் தெரியாது. அதற்கு டி.எல்.எஸ். வேண்டும். காந்தத்தன்மைக்கு வி.எஸ்.எம்.; சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் மையத்துக்கு சாம்பிள் அனுப்பினால் எடுத்துத் தருவார்கள்.

காண்ட்ராஸ்ட் என்று தலைப்பில் போட வேண்டுமென்றால் ஆர்2 எண் ஒன்று வேண்டும், அதற்கு நோயாளியோ எலியோ தேவையில்லை. ஒரு சதவீத அகர் ஜெல் காய்ச்சி, ஆறு பிளாஸ்டிக் குப்பிகளில் ஊற்றி, இரும்பின் செறிவை பூஜ்யத்திலிருந்து அரை மில்லிமோல் வரை ஏற்றிக்கொண்டே போங்கள். ஜெல் உறைவதற்குள் நன்றாகக் கலக்க வேண்டும், குமிழி வரக்கூடாது. குமிழியும் படத்தில் கறுப்புதான். ராத்திரி கேஸ் இல்லாத நேரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் டெக்னீஷியனிடம் கேட்டால், காயிலில் வைத்து நாலைந்து எக்கோ நேரங்களில் ஸ்பின் எக்கோ எடுத்துத் தர மனமுள்ளவர் கிடைப்பார். ஒவ்வொரு குப்பிக்கும் சிக்னல் விழும் வேகத்திலிருந்து டி2, அதன் தலைகீழ் ஒரு அச்சில், இரும்பின் செறிவு மறு அச்சில். ஆறு புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்தால், அந்தக் கோட்டின் சரிவுதான் உங்கள் துகளின் ஆர்2.